தாம்பரத்தின் தருமம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி முதலிய ஊர்களின் ஜனங்களுக்காக, சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் என்றே தனித்த சர்க்கார் வைத்தியசாலையொன்று தாம்பரத்தில் ஏற்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இதை நாம் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகவே கேட்கிறோம்.

கிண்டியில் 2023-ம் வருஷம் ஜூன் 15-ந் தேதி 1000 படுக்கைகளுடன் பெரிய ஆஸ்பத்திரி திறக்கப்படவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். திறந்ததை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், சிறுநீரகம் செயலற்றுப்போனவனின் நிலையை நேயர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், அவன் ரத்தம் இயந்திரத்தின் மூலம் சுத்தி செய்யப்பட வேண்டும். போக வர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் கூலிக்காரனுக்கு வாரத்தில் மூன்று நாட்கள் போயின. சிகிச்சை இலவசந்தான், ஆனால் கூலி போய்விடுகிறதே! கூலி போனால் வீட்டில் அடுப்பு எரிவதெங்ஙனம்? ஆகவே, இரவிலும் ரத்த சுத்தி நடைபெறும் வைத்தியசாலை அவன் குடியிருப்புக்கு அருகிலேயே வேண்டும்.

தாம்பரத்துக்கு இத்தகைய தருமம் புதிதன்று. டாக்டர் சௌரி முத்து 1928-ல் இங்கே க்ஷயரோக ஸானடோரியத்தை ஸ்தாபித்தார். 1937-ல் அதைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டனர். எய்ட்ஸ் நோயாளிகளைக் கண்டு ஊரே அஞ்சி ஒதுங்கிய காலத்தில், 1993 முதல் அவர்களையும் அது ஆதரித்தது.

சென்னையின் மற்றொரு கதையையும் நாம் மறக்கலாகாது. வறுமையால் சிறுநீரகத்தை விற்றவர்கள் மலிந்ததால், வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற அவப்பெயர் உண்டாயிற்று. 1994-ம் வருஷத்துச் சட்டம் அவ்விற்பனையைக் குற்றமாக்கியது. இறந்தோரின் உறுப்புகளைத் தானமாகப் பெறும் ஏற்பாடு 2008-ல் தமிழ்நாட்டில் ஒழுங்கு பெற்றது. தானம் அளிப்போருக்கு அரசு மரியாதை என்று 2023-ல் அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் நன்றே. ஆனால் தானமாக வந்த உறுப்பை ஏழைக்குப் பொருத்தச் சர்க்கார் வைத்தியசாலைகள் போதுமானவையாக இல்லாவிடில், ஏழை கொடுக்கவும் செல்வன் பெறவுமே அந்த ஏற்பாடு பயன்படும்.

கட்டடம் மட்டும் போதாது. நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைச் சத்தமின்றி அரிப்பவை. சிறுநீரையும் ரத்தத்தையும் காலத்தில் பரிசோதித்தால் பலரை இயந்திரத்தினின்றும் காக்கலாம். கல்லீரலைப் பற்றியோ, கசப்பான உண்மையொன்றைச் சொல்லியாக வேண்டும். ஸானடோரியத்தை ஏற்ற அதே 1937-ல்தான் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 2003 முதலோ, சர்க்காரே கடை வைத்து மது விற்கின்றனர். ஒரு கையால் ஈரலைக் கெடுத்து, மறு கையால் அதற்கு மருந்து வார்ப்பது என்ன நியாயம்? மது வருமானத்தில் ஒரு பங்கையேனும் இந்த வைத்தியசாலைக்கென ஒதுக்குவது குறைந்தபட்சப் பிராயச்சித்தமாகும்.

தென்புறத்து ஊழியர்கள் தெருத்தெருவாகக் கையெழுத்துச் சேகரித்து இக்கோரிக்கையை மந்திரிகளின் முன் வைப்பார்களாக. கேளாத செவியைக் கேட்கச் செய்வது ஜனங்களின் கையில் இருக்கிறது.