காலடி மண்ணைப் படிக்காத படிப்பு யாருக்கு?



ஜூன் 5ஆம் திகதி வந்தால் எங்கள் தோட்டப் பாடசாலைகளிலும் சுற்றாடல் தினம் நடக்கிறது. ஒரு மரக்கன்று நடுவார்கள். ஒருவர் பேசுவார். படம் எடுப்பார்கள். அதோடு அந்த வருடத்துக்கான சுற்றாடல் முடிந்துவிடும்.

இதைக் கல்வி என்று ஏற்க நாம் தயாரில்லை.

ஆரம்பப் பிரிவில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடமே உண்டு. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க, செயற்பாடு போய் வினாத்தாள் மட்டும் மிஞ்சுகிறது. களனி கங்கை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், சிவனொளிபாதமலைப் பக்கம் என்று எழுதி நமது பிள்ளை புள்ளி வாங்கும். தன் லயத்துப் பீலிக்கு எந்த ஊற்றிலிருந்து தண்ணீர் வருகிறது, அதற்கு மேலே எந்த நம்பர் மலையில் மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டால் விழிக்கும். அது பிள்ளையின் குற்றமா?

2014 ஒக்டோபர் 29ஐ நாம் மறக்கவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தவில் காலை நேரத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. மக்கள் மலையடியில் இருந்தார்கள்.

நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர், இறுகிப்போகும் கதவு: இவை மண்சரிவின் அடையாளங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரு வெற்றுப் போத்தலும் அடிமட்டமும் இருந்தால் ஐந்தாம் தரப் பிள்ளையே இந்த மழையை அளக்கும். இதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை லட்சம் வேண்டும்?

"பிள்ளை படித்துத் தோட்டத்தை விட்டுப் போகட்டும், மலையைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். பிள்ளை கொழும்புக்குப் போகலாம். தாயும் தகப்பனும் இதே மலையடியில்தானே படுக்கிறார்கள்? நாளை 7 பேர்ச்சஸ் காணி என்று ஒரு சரிவைக் காட்டினால், "இது தண்ணீர் ஓடும் தடம், இங்கே வீடு கட்ட முடியாது" என்று சொல்ல வீட்டில் ஒருவராவது வேண்டாமா?

படிப்பு மட்டும் பாதுகாப்பான வீட்டைத் தந்துவிடாது. அதைத் தரவேண்டியது அரசும் கம்பனிகளும்தான். ஆனால் மண்ணை அறிந்தவர்களை ஏமாற்றுவது லேசல்ல.

ஆகவே நாம் கேட்பது இவை:

தவணைக்கு ஒரு நாளாவது பிள்ளைகள் ஆசிரியரோடு மலை ஏறி ஊற்றையும் கானையும் ஓடையையும் பார்க்க வேண்டும். நிர்வாகம் அதற்குத் தடை போடக்கூடாது. எந்தக் கானை அடைத்தால் எந்த லயத்துக்குள் தண்ணீர் வரும் என்று அறிந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்களை அன்று அழைக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடம் தமிழில், ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் தொங்க வேண்டும்.

தோட்டத் தலைவர்மாரே, மாதர் கமிட்டித் தோழியரே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எழுப்புங்கள். அடுத்த மழைக்கு முன்னர் எழுப்புங்கள்.