நாட்கூலியும் ஆண்டு வருமானமும்

ஊரில் கூலி குறைவு, நகரத்தில் கூலி மிகுதி. ஆகவே உழவர்கள் நகரத்துக்கு வருகின்றனர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இக்கூற்றில் பாதி உண்மையே உள்ளது.

பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தமிழர்களுள் பலர், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் கேழ்வரகும் நிலக்கடலையும் பயிரிட்டவர்கள். மழை பொய்த்த ஆண்டில், வாங்கிய கடனுக்கு வட்டி கட்டப் பேருந்து ஏறியவர்கள். மாணவர்களே, உங்களுள் சிலருக்கு இது வீட்டுக் கதையாகவே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாட்கூலி நகரத்தில் 800 ரூபாய், ஊரில் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் வேலை இருந்தால் நகரத்தில் 20,000 ரூபாய் கிடைக்கும். மழைக்காலத்தில் வேலை 12 நாளாகச் சுருங்கினால் 9,600 ரூபாய்தான். அதில் வீட்டு வாடகை 5,000 ரூபாய் போனால் எஞ்சுவது 4,600 ரூபாய். அதே 12 நாள் வேலை ஊரில் கிடைத்திருந்தால் 4,800 ரூபாய் வந்திருக்கும். சொந்தக் கூரைக்கு வாடகை இல்லை. ஆகவே, கூலி எவ்வளவு என்பதைவிட, ஆண்டில் எத்தனை நாள் வேலை என்பதே முதலில் கேட்கத்தக்க கேள்வி.

2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, நாட்கூலி பெற்றவர்களின் வருமானம் அன்றே நின்றது. ஊரில் ஓர் ஏக்கராவது வைத்திருந்தவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருந்தது. "நிலத்தை விற்றுவிட்டு நகரத்திலேயே நிலைத்துவிடலாமே" என்று அறிவுரை கூறுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆடிப் பட்டத்தில் விதைக்க ஊருக்குப் போய்விடுகிறார்கள், இவர்களை நம்பி எப்படி வேலை கொடுப்பது என்று மேஸ்திரிகள் குறைகூறுவதும் உண்டு. ஆண்டு முழுவதும் வேலை தருவதாக உறுதி கூறாதவர்கள் இவ்வாறு குறைகூறுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கட்டடத் தொழிலாளர்களுக்கென 1996இல் நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றியது. 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால், மாநில நல வாரியத்தில் பதிவு பெற அது வழிசெய்தது. விபத்து உதவி, ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்விக்கு உதவி ஆகியவை இப்பதிவைச் சார்ந்தவை. ஆனால் அந்த 90 நாளை மெய்ப்பிப்பது எளிதன்று. ஒரு மாதம் ஓர் ஒப்பந்தக்காரர், மறுமாதம் வேறொருவர் என மாறும் வேலையில் சான்று தருபவர் யார்?

மற்றொரு தடையும் உண்டு. வாரியம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தொழிலாளியோ ஒசூரில் ஒரு மாதமும் பெங்களூரில் ஒரு மாதமும் உழைப்பவர். ஒரே குடும்ப அட்டையைக் கொண்டு எம்மாநிலத்திலும் அரிசி பெறும் முறை 2019இல் தொடங்கப்பட்டது. தொழிலாளர் பதிவுக்கும் அவ்வாறே எல்லையற்ற செல்லுபடி வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை, வேலை செய்த நாள், இடம், மேஸ்திரியின் பெயர், பெற்ற கூலி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவைக்கலாம். வீட்டில் எழுதத் தெரிந்தவர் நீங்கள் என்றால், அந்தக் குறிப்பேட்டை இன்று மாலையே தொடங்குங்கள்.