மேதைக்கும் பிள்ளைப் பருவம் வேண்டும்

கும்பகோணத்தை அடுத்த ஊர் திருவிடைமருதூர். புல்லாங்குழல் மாலி என்று கொண்டாடப்பட்ட டி.ஆர். மகாலிங்கம் 1926இல் பிறந்த ஊர் அது. 1933இல் மயிலாப்பூர் தியாகராஜர் விழாவில் அரங்கேறியபோது அவருக்கு ஏறக்குறைய ஏழு வயதுதான். குழலில் வாய்ப்பாட்டின் குழைவைக் கொண்டுவந்த அந்த மேதை, வளர்ந்த பின் கச்சேரிக்கு வராமல் இருந்தார், வந்தாலும் பாதியில் எழுந்து போனார், குடிப்பழக்கத்தோடு போராடினார். 1986இல் மறைந்தார். இதையெல்லாம் மேதையின் கிறுக்கு என்று ரசித்துப் பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடமும் விளையாட்டும் இருக்க வேண்டிய வயதில் மேடையும் வருமானமும் ஒரு பிள்ளையின் மேல் ஏறியதை அந்தப் பேச்சு மறைத்துவிடுகிறது.

இளமையிலேயே தொடங்காவிட்டால் இசை வசப்படாது என்பார்கள். உண்மைதான், காவிரிக்கரையின் நாதஸ்வரக் குடும்பங்களும் அப்படித்தான் கலையைக் காத்தன. ஆனால் கற்பது வேறு, சம்பாதிப்பது வேறு. சிறுவயதில் மேடையேறிய எல்லோரும் இடறவில்லை என்பதும் சரியே. சிலர் தப்பித்தார்கள் என்பதற்காகப் பாதுகாப்பே வேண்டாம் என்றாகிவிடாது. குழந்தைக் கலைஞர் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அவர் பெயரில் வைப்புநிதியாக வேண்டும் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள் சொல்கின்றன. சபாக்களும் தொலைக்காட்சிகளும் பெற்றோரும் அவற்றை உண்மையாகவே கடைப்பிடிக்க வேண்டும். கைதட்டுகிற நாமும் அதைக் கேட்க வேண்டும்.