கட்டுச்சோற்றுடன் கொஞ்சம் மின்சாரமும்

தூரப் பயணம் புறப்படுபவருக்குக் கட்டுச்சோறும் ஒரு போத்தல் தண்ணீரும் கொடுத்தனுப்புவது எமது வீடுகளின் பழைய வழக்கம். இன்று அவற்றுடன் இன்னொன்றையும் கட்டிக்கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அதுதான் கைத்தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம். இது வசதி படைத்தவர்களின் கவலை என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை.

அண்மையில் எமது ஊர்த் தாயார் ஒருவர் கிளினிக்குக்காக இரவு பஸ்ஸில் கொழும்புக்குச் சென்றார். மகன் வந்து கூட்டிச் செல்வதாக ஏற்பாடு. பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே போனதில் விடிவதற்கு முன்பே தொலைபேசி அணைந்துவிட்டது. பஸ் இறக்கிவிட்டது ஓரிடம், மகன் காத்து நின்றது வேறோரிடம். மகனின் இலக்கமோ அணைந்த தொலைபேசிக்குள்ளேயே இருந்தது. தேநீர்க்கடைக்காரர் ஒருவர் இரங்கித் தமது சார்ஜரைக் கொடுக்கும்வரை இரண்டு மணி நேரம் அந்தத் தாய் தெருவோரத்தில் நின்றார். அன்றைய கிளினிக்கும் தவறிப்போயிற்று.

குற்றம் அந்தத் தாயாருடையதா? முன்னர் கடிதத்திலும் கையிலும் இருந்தவை யாவும் இன்று தொலைபேசிக்குள் போய்விட்டன. உறவினரின் இலக்கம், வைத்தியர் தந்த திகதி, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தின் விபரம், எல்லாமே அதற்குள்தான். ஆனால் அந்தச் சிறு கருவிக்கு உயிர் கொடுக்கும் மின்சாரத்தைப் பற்றி வழியில் எவரும் எண்ணுவதில்லை.

மின்சாரமின்றி வாழ்ந்த அனுபவம் எம்மவர்க்குப் புதிதல்ல. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஒருவர் சுற்றினால் அயலவர் எல்லோரும் செய்தி கேட்டனர். அன்று மின்சாரம் ஒரு வீட்டின் உடைமையாக இருக்கவில்லை.

அதே டைனமோ இன்றும் போதுமா என்று கேட்பவர்களும் உண்டு. சைக்கிள் டைனமோ பொதுவாகத் தருவது 6 வோல்ற், 3 வாற் மட்டுமே. சிறு வானொலிக்கு அது தாராளம். இன்றைய பெரிய தொலைபேசியை நிரப்ப வேண்டுமானால் ஏழெட்டு மணி நேரம் மிதிக்க வேண்டிவரும். மேலும், அதிலிருந்து வருவது வேகத்துக்கேற்பக் கூடிக் குறையும் ஆடலோட்டம். இடையில் தகுந்த சீராக்கி இல்லாமல் நேரே தொடுத்தால் தொலைபேசி பழுதாகிவிடும்.

ஆகவே பயணிகளுக்கு இன்று ஏற்றது பவர் பாங்க் எனப்படும் சேமிப்புப் பற்றரிதான். அதிலும் விபரமறிந்து வாங்க வேண்டும். 10,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து, 5,000 கொண்ட தொலைபேசியை இரண்டு தடவை நிரப்பலாம் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். ஒன்றரைத் தடவைக்குக் கிட்டக் கிடைத்தால் அது நல்ல பொருள். சூரியத் தகடு வைத்திருப்போர் தகட்டை வெயிலிலும் தொலைபேசியை நிழலிலும் வைக்க வேண்டும். வெப்பம் இந்தப் பற்றரிகளுக்குப் பகை. வீங்கிய பற்றரியை ஒருபோதும் பாவிக்கக் கூடாது.

பணம் செலவிடாமல் செய்யக்கூடியவையும் உண்டு. சிக்னல் குறைந்த காட்டுப் பாதைகளில் தொலைபேசி கோபுரத்தைத் தேடித்தேடியே பற்றரியைத் தின்றுவிடும். அங்கே விமானப் பயண நிலையில் போட்டுவைத்தால் மிச்சமாகும். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கலாம். பழைய பொத்தான் தொலைபேசி ஒன்று ஒரு தடவை நிரப்பினால் சில நாட்களுக்கு நிற்கும். அதை வீசிவிட வேண்டாம். முக்கியமான இலக்கங்கள் நான்கையாவது கடதாசியில் எழுதிப் பையில் வைத்திருக்க வேண்டும். கடைசிப் பத்து வீதத்தை 1990 அம்புலன்ஸ் சேவைக்கும் 117 அனர்த்த அழைப்புக்கும் உரியதென்று ஒதுக்கி வைப்போம்.

ஆயினும் எல்லாவற்றையும் தனிமனிதரின் தலையில் சுமத்திவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொடர்பும் அறுந்தன. வெள்ளத்தால் இடையில் மறிக்கப்பட்ட பயணிக்கும், முகாமில் தங்கியவருக்கும், தாம் உயிருடன் இருப்பதை வீட்டுக்குச் சொல்லவே மின்சாரம் தேவைப்பட்டது. பவர் பாங்க் வாங்க வசதியற்றவர் அவ்வேளையில் யாரிடம் போவது?

எமது ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. வாசிகசாலைகளும் மாதர் சங்கங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது ஒரு சூரியத் தகடும் ஒரு பற்றரியும் பத்துத் தொலைபேசிகளை நிரப்பும் வசதியும் ஏன் இருக்கக் கூடாது? பயணம் போவோருக்கு இரவல் கொடுக்க, நூல்களைப் போலவே பதிவேட்டில் எழுதி, இரண்டு மூன்று பவர் பாங்குகளை ஏன் வைத்திருக்கக் கூடாது? மாரி தொடங்குமுன் அவற்றைப் பரிசோதித்து நிரப்பிவைப்பது இளைஞர்களுக்கு ஏற்ற பணி. தொலைபேசிக் கோபுரமே செயலிழக்கும் நாளுக்காக ஒரு பற்றரி வானொலியும் அங்கே இருக்கட்டும்.

பஸ் நிலையங்களிலும் வைத்தியசாலைக் காத்திருப்புக் கூடங்களிலும் பொதுமக்களுக்கென்று சில மின்செருகிகள் வேண்டும் என்று நாம் கேட்பதும் நியாயமே. எல்லாவற்றையும் தொலைபேசியில் கொண்டுவரும்படி மக்களிடம் சொல்பவர்கள், அதை உயிருடன் வைத்திருக்க ஒரு துளை தருவதற்குத் தயங்கலாமா?

கட்டுச்சோற்றை எமது முன்னோர் தமக்கு மட்டும் கட்டவில்லை. வழியில் பசித்தவர் ஒருவருக்கும் சேர்த்தே கட்டினார்கள். அந்தக் கணக்கை மின்சாரத்திலும் பழகிக்கொள்வோம். தேநீர்க்கடைக்காரர் அன்று கொடுத்தது சிறிதளவு மின்சாரந்தான். தாயும் மகனும் சந்திப்பதற்கு அது போதுமாயிருந்தது.