மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தலாமா?



நம்ம ஊர்ல பல வீடுகளில் லேப்டாப் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணன்மார், அக்காமார் வாங்கியதும் அதில் உண்டு. அது மெதுவாகி, ஃபேன் ரைஸ்மில் மாதிரி இரைய ஆரம்பித்தால் போதும், எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஃபார்மட் பண்ணிடு!" இது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது என்பதே என் கருத்து.

எங்க தெருவில் ஒரு அக்கா அப்படித்தான் கடையில் கொடுத்தாங்க. கடைக்காரர் காரணம் என்னன்னு பார்க்கவே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டார். இறந்துபோன அவங்க அப்பாயியின் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. ஒண்ணுகூட மிஞ்சவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், திரும்பி வந்த லேப்டாப் முதல் ரெண்டு நாள் முன்பைவிட அதிகமாக இரைந்தது!

ஏன் அப்படி? நாம் எதையும் திறக்காவிட்டாலும் திரைக்குப் பின்னால் பல வேலைகள் நடக்கின்றன. ஒன்று விண்டோஸ் அப்டேட். இன்னொன்று வைரஸ் இருக்கிறதா என்று தேடும் காவல்காரன். அதன் பெயர் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்'. மூன்றாவது 'சர்ச் இண்டெக்ஸர்'. நாம் தேடினால் உடனே எடுத்துக்கொடுக்க, புத்தகத்துக்குப் பொருளடக்கம் போடுவது போல நம் ஃபைல்களுக்கு அட்டவணை போடுகிறது. இவை மும்முரமாக ஓடும்போது கணினியின் மூளையான ப்ராசசருக்கு ஓய்வே இல்லை. சூடு ஏறுது, ஃபேன் கத்துது. ரொம்பச் சூடானால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபார்மட் செய்தால் இந்த வேலையெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதான் அந்த இரைச்சல்.

அப்போ என்ன செய்யலாம்? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'சிபியு' என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் உழைப்பது மேலே வந்து நிற்கும். மேலே சொன்ன மூன்றில் ஒன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம். சார்ஜர் போட்டு, கொஞ்ச நேரம் தொடாமல் விடுங்கள். பெரும்பாலும் வேலை முடிந்ததும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். வெறும் 'ஷட் டவுன்' போதாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' 95 என்று காட்டினால் பதறாதீர்கள். ப்ராசசர் அவ்வளவு சும்மா இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்! ஆனால் ஊர் பேர் தெரியாத ஒன்று நாள் முழுக்க மேலேயே நின்றால் சந்தேகப்படுங்கள். ஓசி கேம்ஸ் இறக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்து, நம்ம ப்ராசசரில் வேறு யாருக்கோ கிரிப்டோ காசு சம்பாதித்துக் கொடுக்கும் திருட்டு மென்பொருள்களும் உண்டு. அதற்கு 'ஃபுல் ஸ்கேன்' போட வேண்டும். தெரியாமல் எதையும் 'எண்ட் டாஸ்க்' கொடுக்காதீர்கள், விண்டோஸே நின்றுவிடலாம்.

ஃபார்மட்டே கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்கும் அடங்காவிட்டால் அதுதான் வழி. ஆனால் அது கடைசி வழி. அதற்கு முன்னால் போட்டோக்களையும் பாடக் குறிப்புகளையும் பென்டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். காய்ச்சல் என்று போனால் டாக்டர்கூட நாடி பார்த்துத்தானே ஊசி போடுகிறார்?

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் பாடவேளையில் பெயிண்டில் படம் வரைய மட்டும் இல்லாமல், டாஸ்க் மேனேஜரைப் பார்க்கவும் சொல்லித் தாருங்கள். பத்தே நிமிடம் போதும். ஒரு வீட்டுக் காசும், ஒரு அப்பாயியின் போட்டோவும் மிஞ்சும்.

முதலில் பார்ப்போம்! பிறகு முடிவெடுப்போம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி