ஃபார்மட் போடுவதற்கு முன்

ஓசூர்ப் பட்டறைகள் பலவற்றில் சிஎன்சி இயந்திரத்துக்கு நிரல் போய்ச் சேர்வது பென்டிரைவில்தான். சிங்காரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மாணவரின் விண்ணப்பம் போவதும் அதே பென்டிரைவில். பத்துக் கணினிகளில் செருகப்படும் பொருள் என்பதால் வைரஸும் அதிலேயே ஊர் சுற்றுகிறது. கணினி பழுது பார்ப்பவரிடம் போனால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபார்மட் போட்டுடலாம்ணே." அதாவது, வட்டைத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவது. வைரஸ் போய்விடும். டேலி கணக்கும் கல்யாணப் படங்களும் கூடவே போகலாம்.

வைரஸ் என்பது ஒரு நிரல். இயங்கினால்தான் அதனால் கேடு; வட்டில் சும்மா கிடக்கும் வரை அது எதையும் செய்யாது. மீட்பு வேலை முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

நம் பக்கம் அதிகம் காணப்படும் 'ஷார்ட்கட் வைரஸ்' எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பென்டிரைவைத் திறந்தால் கோப்புறைகள் (ஃபோல்டர்கள்) வழக்கம்போலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். அளவைப் பார்த்தால் ஒன்றிரண்டு கேபிதான். இவை போலி. உண்மையான கோப்புறைகளுக்கு 'மறைக்கப்பட்டது', 'கணினிக்கு உரியது' என்ற இரண்டு குறிகளைப் போட்டு வைரஸ் ஒளித்து வைத்திருக்கும். போலியைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் இயங்கும், பிறகு உண்மையான கோப்புறை திறக்கும். கேட்டது கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. இதில் எந்தக் கோப்பும் அழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் வைரஸை இயங்க விடாமல் கோப்புகளை மட்டும் எடுக்க வேண்டும். விண்டோஸ் ஓடினால் வைரஸும் ஓடும். ஆகவே முதலில் இணையத்தைத் துண்டித்துக் கணினியை அணைத்துவிடுங்கள். வைரஸ் இல்லாத வேறொரு கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலவே கணினியை நடத்தும் ஓர் இயங்குதளம், இலவசம். வட்டில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். அதைக் கொண்டு கணினியைத் தொடங்கினால் வட்டிலுள்ள விண்டோஸ் விழிக்காது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸும் விழிக்காது. 'மறைக்கப்பட்டது' என்ற குறியை லினக்ஸ் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை என்பதால், ஒளிந்திருந்த கோப்புறைகளும் கண்ணில் படும். வட்டையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி இயங்கும் கணினியானால் மட்டும் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்த்தே தரப்பட்டது. வீட்டிலேயே இருந்த அந்த மருந்தைப் பலர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இனி, எதை எடுப்பது? படங்கள், பிடிஎஃப், கடிதங்கள், டேலியின் டேட்டா கோப்புறை ஆகியவற்றைப் புதிய வட்டுக்கு நகலெடுக்கலாம். எக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், எல்என்கே என்று பெயர் முடியும் எதையும் தொட வேண்டாம். மென்பொருளை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். கணக்கை அப்படிச் செய்ய முடியாது. விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துக் காட்டும். 'பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ' என்ற நிரல் 'பில்.பிடிஎஃப்' என்று நல்ல பிள்ளையாகத் தெரியும். எக்ஸெல் கோப்புக்குள் மேக்ரோ என்ற குட்டி நிரலும் இருக்கலாம். எனவே நகல்களை ஆன்டிவைரஸால் சோதித்த பிறகே திறக்க வேண்டும்.

ரான்சம்வேர் வேறு வகை. அது கோப்பை ஒளிப்பதில்லை. உள்ளடக்கத்தையே பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும். 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறைக் கணினிகளைப் பூட்டியவர்கள் 1,950 டாலரை மெய்நிகர் நாணயமாகக் கேட்டார்கள். இங்கே லினக்ஸால் பூட்டைத் திறக்க முடியாது. ஆனாலும் பூட்டிய கோப்புகளை எறிந்துவிடக் கூடாது. நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டம், கைக்கு வந்த சாவிகளை இலவசமாகத் தருகிறது. இன்று இல்லாத சாவி பின்னால் வரக்கூடும். கோப்புகள் கூகுள் டிரைவிலும் இருந்தால், பூட்டுவதற்கு முந்தைய வடிவம் 30 நாள் வரை அங்கே கிடைக்க வாய்ப்புண்டு.

ஃபார்மட் போடுவது தவறில்லை. நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகு அதுவே நல்ல வழி. வரிசைதான் மாறக் கூடாது. பழுது பார்ப்பவரிடம் "முதல்ல டேட்டாவை எடுத்துக் குடுங்க" என்று சொன்னால் கூலி கொஞ்சம் கூடலாம். கேட்டு வாங்க வேண்டிய வேலை அது. பென்டிரைவைச் சுத்தம் செய்யாமல் விட்டால் மறுநாளே வைரஸ் திரும்பிவிடும். சுத்தம் செய்வதற்கான இலவசக் கருவிகள் மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா இணையதளத்தில் கிடைக்கின்றன. பழைய விண்டோஸில் ஓடும் பட்டறை இயந்திரங்களில் புதிய ஆன்டிவைரஸ் ஏறாது. அவற்றுக்கென்று ஒரு பென்டிரைவை ஒதுக்கி, அதை ஜெராக்ஸ் கடைப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பதுதான் இப்போதைக்குச் செய்யக்கூடியது.