‘எழுதத் தெரியலை’ என்கிற புதுத் தீட்டு

எந்தக் கல்லூரி வாத்தியாரிடம் வேண்டுமானாலும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிஷத்துக்குள் அந்த வாக்கியம் வந்து விழும். “இப்ப வர்ற பசங்களுக்கு நாலு வரி சொந்தமா எழுதத் தெரியலைங்க.”

இந்த ‘இப்ப வர்ற பசங்க’ யார்? வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நமக்குத் தெரியும். கீழப்பழுவூர் மாதிரி ஊர்களின் சேரித் தெருவிலிருந்து, சிமெண்ட் லாரிப் புழுதியில் நின்று பஸ் பிடித்துப் போகிற பிள்ளைகள். வீட்டில் முதல் டிகிரி. ‘தரம் போச்சு’ என்று நேரடியாகச் சொன்னால் சட்டம் இருக்கிறது. ‘எழுதத் தெரியலை’ என்று சொன்னால் அது கல்விக் கவலை. தீண்டாமை இப்போது சிவப்பு மையில் வட்டம் போடுகிறது.

சரி, எழுதத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். யார் சொல்லிக் கொடுத்தீர்கள்?

இயற்பியல் வாத்தியாரைக் கேட்டால் “அது தமிழ்த்துறை வேலை” என்கிறார். தமிழ்த்துறையைக் கேட்டால் “ஆங்கிலத் துறையைக் கேளுங்க.” ஆங்கிலத் துறை இலக்கணம் நடத்துகிறது. ஆனால் எழுத்து என்பது பொதுவான ஒரு சாமான் கிடையாது. ஒவ்வொரு படிப்புக்கும் அதன் எழுத்து தனி. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அம்மோனைட் படிமம் கிடைக்கிறது. புவியியல் படிக்கிற பெண் அதை எப்படி எழுத வேண்டும்? எந்த இடம், எந்த அடுக்கு, என்ன அளவு, கண்ணால் கண்டது எது, அதிலிருந்து ஊகித்தது எது? பழுவேட்டரையர் காலத்துக் கல்வெட்டு எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கிறது. வரலாறு படிக்கிற பையன், கல் சொல்வது எதுவரை, தான் சொல்வது எங்கிருந்து என்று கோடு போட வேண்டாமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வரி நீங்கிய நிலங்களின் பட்டியலில் வருகின்றன. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாதம் கட்டுவது எப்படி என்று எந்த இலக்கண வகுப்பு சொல்லித்தரும்? வரலாற்று வாத்தியார்தான் சொல்லித்தர வேண்டும். அவருக்கோ யாரும் சொல்லித்தந்ததில்லை.

நான் வங்கிக் குமாஸ்தா. கவிதையும் எழுதுகிறவன். கவிதை எழுதுகிறவன் என்பதற்காக வவுச்சரில் நரேஷன் எழுத வந்துவிடாது. வங்கியில் சேருகிறவன் விலங்கியல் படித்தவனாக இருக்கலாம், வேதியியல் படித்தவனாக இருக்கலாம். உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். புகார்க் கடிதத்துக்குப் பதில் இப்படி, ஆடிட் கேள்விக்கு விளக்கம் இப்படி என்று மாதிரி காட்டுகிறார்கள். எழுதியதைத் திருத்துகிறார்கள், மறுபடி எழுதச் சொல்கிறார்கள். ஆறு மாதத்தில் எவனுக்கும் கை வந்துவிடுகிறது. அங்கே யாரும் இதைப் ‘பிறவி அறிவு’ என்று பேசுவதில்லை. காசு சம்பந்தப்பட்ட இடத்தில் எழுத்து ஒரு தொழில், கற்றால் வரும். பட்டம் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் அது எப்படி ரத்தத்தில் வருகிற ‘திறமை’ ஆகிவிடுகிறது?

ரகசியம் இதுதான். தலைமுறை தலைமுறையாகப் படித்த வீட்டில் இந்தப் பயிற்சி சாப்பாட்டோடு பரிமாறப்படுகிறது. அப்பா படித்துப் பார்ப்பார், சித்தப்பா திருத்துவார், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பேராசிரியர் “முடிவுரை சரியில்லைடா” என்பார். நம்ம வீட்டில் யார் இருக்கிறார்கள்? கல்லூரி தர வேண்டியதைத் தராமல் இருந்தாலே போதும், வீட்டில் இருப்பவன் ஜெயிப்பான். யாரையும் வெளியே தள்ள வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கரின் சாதி பற்றிய முதல் கட்டுரை 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் வாசிக்கப்பட்டது. எழுதி, சக மாணவர் முன் வாசித்து, விவாதிக்கிற வகுப்பு அது. 1923-இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய அவருடைய நூல் வந்தபோது லண்டன் ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். ‘இவர் வாதங்கள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் பார்வை புதியது’ என்கிற பொருளில் எழுதினார். உடன்படாமலே மாணவனைத் தூக்கி நிறுத்தத் தெரிந்த ஆசிரியர்! நம் பல்கலைக்கழகங்களில் இப்படி எத்தனை பேர்?

இங்கே நிலைமை வேறு. சேலத்துச் செந்தில்குமார், பன்றி வளர்க்கும் சாதியில் பிறந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்குப் போனவர், 2008-இல் இறந்துபோனார். சாகும்வரை அவருக்கு ஆய்வு வழிகாட்டியே ஒதுக்கப்படவில்லை. எழுதக் கற்றுத்தரும் கை மறுக்கப்படுவது என்பது இதுதான்.

வேறு நாட்டில் என்ன நடந்தது? நியூயார்க்கில் 1969-இல் கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்கள் சிட்டி கல்லூரியைக் கைப்பற்றிப் போராடினார்கள். 1970-இல் நகரப் பல்கலைக்கழகம் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. உடனே அங்கேயும் அதே கூச்சல்: ‘இவங்களுக்கு எழுதத் தெரியாது!’ மினா ஷானசி என்ற ஆசிரியை அந்த மாணவர்களின் ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். பிழைகளுக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது, இவர்கள் மடையர்கள் அல்லர், தொடக்கக்காரர்கள் என்று 1977-இல் புத்தகமாகவே எழுதினார். அதற்கு முன்பே, 1975-இல், வளர்ச்சிப் படிகளை மாணவனுக்கு மட்டும் ஏன் வைக்கிறீர்கள், ஆசிரியருக்கும் வையுங்கள் என்று சக பேராசிரியர்களைப் பார்த்துச் சொன்னார். அந்த 1970-களில்தான் அங்கே உயிரியல், வரலாறு, கணக்குப் பேராசிரியர்களே பட்டறைகளில் உட்கார்ந்து, தங்கள் பாடத்தில் எழுத்தை எப்படிக் கற்பிப்பது என்று படிக்க ஆரம்பித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்த 1994-இலேயே கேப் டவுன் பல்கலைக்கழகம் எழுத்து மையம் தொடங்கியது. கதவு திறந்தவர்கள் படிக்கட்டும் கட்டினார்கள்.

நம்ம ஊரில் தண்டனை முதலில் வந்தது, பயிற்சி பின்னால். 2018-இல் யு.ஜி.சி. நகலெடுப்புத் தடை விதிகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் தாண்டினால் திருத்து, 60 சதவீதம் தாண்டினால் பதிவே ரத்து. நகல் தப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளியிலிருந்து எம்.ஏ. வரை நோட்ஸை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தவனுக்கு முழு மார்க் போட்டது யார்? பன்னிரண்டு பதினைந்து வருஷம் நகலுக்குப் பரிசு, அப்புறம் திடீரென்று நகலுக்குத் தண்டனை! 2022 விதிகளில்தான், ஆய்வாளர் எல்லோரும் தத்தம் பாடத்தில் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்று வருகிறது. நல்ல வரி. அந்தப் பயிற்சியைத் தரப்போகிற பேராசிரியருக்கு யார் பயிற்சி தருவது?

“ஒரு வகுப்பில் அறுபது பேர், எப்படித் திருத்துவது?” என்பார்கள். நியாயமான கேள்வி. வகுப்பு எடுப்பவர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள். 2019-இல் யு.ஜி.சி. சொன்ன மாதம் 50,000 ரூபாய்க்காக இங்கே தெருவில் உட்கார்ந்து போராடியவர்கள். அவர்கள் தலையில் இதையும் கட்டு என்று நான் சொல்லவில்லை. இடத்தை நிரப்பு, சம்பளத்தைக் கொடு, பிறகு பயிற்சி கொடு என்கிறேன். அறுபது பேருடைய அறுபது பக்கத்தையும் திருத்த வேண்டியதில்லை. ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். நல்லது ஒன்று, தேறாதது ஒன்று, பெயரை மறைத்துப் பலகையில் போட்டு ஏன் என்று பேசுங்கள். அசைன்மெண்டுக்கு மார்க் போடுமுன் ஒருமுறை திருப்பிக் கொடுங்கள். ‘தெளிவில்லை’ என்று கிறுக்காமல், எந்த வரியில் சான்று இல்லை என்று சொல்லுங்கள். முதல் வரைவு தமிழில், சேரித் தமிழில் இருந்தாலும் இருக்கட்டும். சிந்தனை அந்த மொழியில்தான் ஓடுகிறது. இப்போது மெஷினே கட்டுரை எழுதித் தள்ளுகிறது. முடிந்த தாளை மட்டும் பார்த்து மார்க் போடுகிற வாத்தியாருக்கு இனி வேலையே இல்லை.

ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சிகள் 1980-களின் கடைசியிலிருந்து நடக்கின்றன. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வாங்கப் போகிறார்கள், டீ குடிக்கிறார்கள், வருகிறார்கள். அங்கே ஒரு வாரம், ஒவ்வொரு பாடத்தாரும் தன் பாடத்தில் எழுதிக் காட்டி, அடுத்தவரிடம் திருத்து வாங்கட்டும். திருத்து வாங்குகிற வலி வாத்தியாருக்கும் தெரியட்டும்.

இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘தமிழன்’ தொடங்கினார். அச்சுக் கோத்து வாரா வாரம் வாதம் பண்ணிய பரம்பரை நம்முடையது. நம் பிள்ளைகளைப் பார்த்து ‘எழுதத் தெரியலை’ என்று இனி எவராவது சொன்னால், பதிலுக்கு ஒரே கேள்வி கேளுங்கள் தோழர்களே: “ஐயா, இந்த வருஷம் நீங்க எத்தனை தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தீங்க?”